டிவியில் ஐந்து ஆப், நடுவில் ஒரு கரடி

அன்பு மகன் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சௌக்கியம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது, மற்றபடி மூன்று வேளையும் சாப்பிட்டு மூன்று வேளையும் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கம்போல் முதல் வரியிலேயே கேட்கவில்லையே என்று நினைக்காதே, அதைக் கேட்கத்தான் இவ்வளவு பெரிய கடிதம், ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, வரிசையாகச் சொன்னால்தான் உனக்கும் புரியும், எனக்கும் ஆத்திரம் வராமல் இருக்கும். போனில் கேட்கலாமே என்பாய். போனில் கேட்டால் ஓகேம்மா, வேலைம்மா, அப்புறம் பேசறேம்மா என்று மூன்றே சொல்லில் கதவைச் சாத்திவிடுகிறாய், இந்த ஐந்து நாளாக அந்த மூன்று சொல்லும் இல்லை, ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. கடிதத்தை யாராலும் கட் பண்ண முடியாது. வெளிநாடு என்றாலும் நாலு நாளில் உன் கையில் சேர்த்துவிடுவதாகக் கூரியர்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, நடுவில் தாவாமல் படி. கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் திறக்கிற ஆள் நீ, எனக்குத் தெரியாதா.

நீ அனுப்பிய அந்தக் கட்டைவிரல் அளவு டிவி டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது வந்து இன்றோடு ஏழு வாரம். நம் டிவிக்குப் பின்னால் யார் கையும் நுழையாது, அதனால் மேல்மாடி எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன், அவர்தான் செருப்பு அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று அதைச் செருகினார். அத்தை டார்ச் அடித்தாள், வெளிச்சம் முழுக்க அவர் காதுக்குள்தான் போனது. நீ அனுப்பிய மெசேஜில் பன்னிரண்டு ஆப் பெயர் இருந்தது, இதெல்லாம் இப்ப ரொம்ப பாப்புலர்மா, எல்லாத்தையும் போட்டுக்கோங்க என்று எழுதியிருந்தாய். அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பாப்புலர்னா யாருக்கு அண்ணி, நமக்கா, அவனுக்கா, இல்ல அந்த ஆப் வெச்சிருக்கறவனுக்கா என்று கேட்டாள். பிள்ளை ஆசையாகச் சொல்லியிருக்கிறானே என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஏழாவது பாதி ஏறும்போதே இடமில்லை என்று டப்பா கையை விரித்துவிட்டது. அப்பா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். கிரேன்ல ஓவர்லோடு விளக்கு எரிஞ்சா நான் என்ன பண்ணுவேன், தூக்கறத நிறுத்திடுவேன்ல, நீயும் நிறுத்து என்றார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவருக்கு உலகத்தில் எல்லாமே கிரேன்தான். ஆனால் எலக்ட்ரீஷியன் தம்பியும் அதையேதான் சொன்னார், ஏழு போட்டா ஏழும் திணறும்க்கா, அஞ்சோட நிறுத்துங்க, நல்லா ஓடும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஆக, பன்னிரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே ஐந்து நாற்காலிதான். ஏறிவிட்ட ஆறையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைக் கழிப்பது என்று முடிவு பண்ணினேன்.

இதற்கெல்லாம் மலைக்கிற ஆளா உன் அம்மா? இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரை என் கையில் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற பெரிய டாக்டர்கள் எல்லாம், மேடம், இது இப்ப எல்லா இடத்திலும் ஓடுற மருந்து என்று சொல்லி எதையாவது வாங்கி வைக்கச் சொல்வார்கள், நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பேன். ஆனால் ஒரு மாதம் யார் கையும் படாத பெட்டி என் முன் ரேக்கில் நிற்காது, அது பெரிய டாக்டரே சொன்னதாக இருந்தாலும் சரி. அதே சட்டத்தை வீட்டிலும் போட்டேன். டிவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதோடு நூலில் கட்டிய ஒரு பேனா. யார் பார்த்தார்கள், எந்த ஆப்பில் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள், படத்துக்கு அடியில் ஓடுகிற அந்தச் சிவப்புக் கோடு எதுவரை வந்திருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். நான் டியூட்டி முடிந்து மதியம் இரண்டரைக்கு வந்ததும் ஒரு தடவை சரிபார்ப்பேன், எட்டு மணிக்கு டிவியை அணைக்கும்போது ஒரு தடவை சரிபார்ப்பேன். அப்பா அந்த நூலை இழுத்துப் பார்த்து, ஏன், நாங்க பேனாவ எடுத்துக்கிட்டு ஓடிடுவோமா என்று கேட்டார். ஸ்டோரில் ஓடியிருக்கிறார்கள், அதனால் கட்டினேன்.

பெயரெல்லாம் அத்தை வாயில் நுழையாது என்பதால் நிறத்தை வைத்தே கூப்பிட்டோம். யூடியூப்புக்குப் போட்டியே இல்லை, முதல் நாற்காலி அதற்குத்தான், அப்பா அதில் எங்கெங்கோ இருக்கிற துறைமுகங்களில் யார் யாரோ கிரேன் ஓட்டுவதைப் பார்த்து, டேய் டேய், மெதுவா இறக்குடா, பாரு பாரு இடிக்கப்போறான் என்று திட்டிக்கொண்டிருப்பார். மஞ்சள் அவருடைய மேட்சுக்கு. பச்சை எனக்கு, அதில் நல்ல துப்பறிகிற தொடர்கள் வருகின்றன, கொலை செய்தவன் யார் என்று மூன்றாவது பாகத்துக்குள் நான் சொல்லிவிடுவேன், அத்தைக்கு என் மேல் அதில்தான் கோபம். பாட்டு ஆப் அத்தைக்கு, தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு துணி தைக்கிறாள். ஐந்தாவது நீலம், அதுதான் நீயே என் மெயில் போட்டுத் திறந்து பாஸ்வேர்டோடு அனுப்பியது, பழைய படம், சின்னப் பிள்ளைகள் படம் எல்லாம் அதில் இருக்கிறது, அத்தையின் ஆறு மணித் தொடரும் அதில்தான். ஒரே சமயத்தில் ஒரு திரையில்தான் ஓடும் என்கிற சின்னத் திட்டம் அது, எங்களுக்கு அது போதும். நீ பட்டியலில் முதல் இடம் கொடுத்திருந்தாயே, அந்த ஊதா, அதை முதல் நாளுக்குப் பிறகு ஒரு மாதம் இந்த வீட்டில் ஒருவர்கூடத் திறக்கவில்லை, முதல் நாள் திறந்ததற்கே எழுத்தெல்லாம் எறும்பு அளவில் இருந்தது, ஒரு படம் முடிந்து மூச்சு விடுவதற்குள் கேட்காமல் அடுத்ததைப் போட்டது, வேண்டாம் என்று வெளியே வர ஆறு பட்டன் அமுக்க வேண்டியிருந்தது. முப்பத்தோராம் நாள் காலை அதை வெளியே அனுப்பினேன். ஊர் உலகம் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொன்னது யார். ஆனால் யாராவது உன்னிடம் எந்த ஆப் நல்லது என்று கேட்டால் பன்னிரண்டு பெயரை எழுதிக் கொடுக்காதே, இரண்டு அமுக்கில் திறக்கிறதா, கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா, விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறதா, வேண்டாம் என்றால் மரியாதையாக விடுகிறதா என்று பார்க்கச் சொல், மீதியை ஒரு மாதம் கழித்து நோட்டே சொல்லும்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வம்பு வந்தது நீலத்தில். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு, கதாநாயகி கதவைத் திறக்கப் போகிற நேரத்தில், வேறு ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே காட்ட முடியாது என்று எழுத்து வந்து நின்றது. அத்தை ரிமோட்டைத் தட்டினாள், டிவியைத் தட்டினாள், அப்பாவையும் தட்டினாள். கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே ஆறு மணி, மறுபடியும் அதே எழுத்து. மூன்றாவது தடவை வந்தபோது நான் நீலத்துக்குள் போய், பாதியில் விட்டவை என்று ஒரு வரிசை இருக்கிறது அல்லவா, அதைப் பார்த்தேன். முன் வரிசையில் முதல் ஆளாக ஒரு கரடி உட்கார்ந்திருக்கிறது, அதன் கையில் ஒரு குடை, பக்கத்தில் ஒரு வாத்து. குடை ரிப்பேர் பண்ணுகிற கரடியாம், சின்னப் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன், அறுபத்தி சொச்சம் பாகம் ஓடியிருக்கிறது. என் நோட்டில் ஒவ்வொரு நாளும் அந்தக் கரடிக்கு அடியில் கோடு எதுவரை வந்திருக்கிறது என்று பழக்க தோஷத்தில் யோசிக்காமல் நானே எழுதியிருக்கிறேன், ஆனால் பார்த்தவர் யார் என்கிற கட்டம் மட்டும் காலி. சரக்கு போகிறது, எடுத்தவர் கையெழுத்து இல்லை. ஸ்டோர்க்காரிக்கு இதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது, சொல்.

விசாரணை வைத்தேன். அத்தை தலையில் கை வைத்து, நான் ஏன் அண்ணி கரடியப் பார்க்கறேன், எனக்குத்தான் அண்ணன் இருக்காரே என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லை என்றால் வெளியே யாரோ பார்க்கிறார்கள், வெளியே பாஸ்வேர்ட் தெரிந்தவர் யார், அன்றைக்கு டிவியில் அதைத் தட்டி ஏற்றியது எலக்ட்ரீஷியன் தம்பி, அவர் வீட்டில் சின்னப் பெண் குழந்தை இருக்கிறது, கணக்கு டக்கென்று முடிந்துவிட்டது. உன் ஞாபகம் அந்த நிமிஷம் எனக்கு வரவே இல்லை வாலு. உனக்கு ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நீயே சொல்லிக்கொண்டிருந்தாய், சொன்னதை நம்புகிற அம்மா நான். விறுவிறுவென்று மாடி ஏறினேன். நல்ல வேளை அந்தத் தம்பி வேலைக்குப் போயிருந்தார், அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள், நான் உள்ளே கூடப் போகாமல் வாசலில் நின்றபடியே, நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டை இப்படிப் பண்ணலாமா என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் புரியாமல், எங்க வீட்ல டிவியே இல்லையேக்கா என்றாள். அதற்கும் நான் விட்டேனா, போன்ல பார்க்கலாமே என்றேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப் போனது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது கீழே படியில் தொம் தொம் என்று சத்தம். யார் என்று பார்த்தால் அப்பா. முழங்கால் வலி என்று ஒன்றரை வருஷமாக மாடிப்படியைத் தொடாத மனிதர், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து மூச்சு வாங்க ஏறி வருகிறார். வந்து, அந்தப் பெண் முன்னாலேயே, அவங்களை ஏன் கேட்கறே, நான்தான் என் போன்ல பார்க்கறேன் என்றார். கரடியையா என்றேன். ஆமா, கரடியைத்தான், பெரிய மனுஷன் கரடி பார்க்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அந்தப் பெண் முன்னால் மானம் போன எரிச்சல் ஒரு பக்கம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் அவருக்குப் பெயரே கரடிதான். கரடிக்கு டீ வேணுமா என்று அத்தை கேட்பாள், கரடி முழங்காலுக்குத் தைலம் தடவிக்கலையா என்று நான் கேட்பேன். அவரும் கோபப்படாமல் உர்ரென்று உறுமிக் காட்டுவார். ஆனாலும் ஆறு மணிக்கு அவர் போனோடு பின்னறைக்குப் போவதும் அத்தை தொடரில் கை வைப்பதும் நிற்கவில்லை, அதனால் போன புதன்கிழமை நீலத்தின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாத் திரையிலிருந்தும் வெளியேற்று என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதையும் அமுக்கிவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி மாதிரி டீ போடப் போனேன்.

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் உன் போன் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வராமல் பத்து நாள் கழித்து வந்த போன். எப்படிம்மா இருக்கே என்றாய், அத்தையைக் கேட்டாய், அப்பா முழங்காலைக் கேட்டாய், அப்புறம் சும்மா பேச்சோடு பேச்சாக, நீலத்துக்குப் பாஸ்வேர்ட் ஏதாவது மாத்தினீங்களா என்று கேட்டாய். நானும் பெருமையாக, ஆமாடா, உங்க அப்பா கரடி பார்த்துக் கெட்டுப் போறாரு, அதான் மாத்திட்டேன், உனக்கு வேணுமா என்றேன்.  இல்லம்மா, எனக்கு எதுக்கு, எங்கே நேரம் இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாய். தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது, நான் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் மதியம் மூன்று மணி உனக்குக் காலை ஒன்பதரை, எங்கள் ஆறு மணி உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கரடிக்கு அடியில் ஓடுகிற கோடு நான் இரண்டரைக்கு எழுதியதற்கும் எட்டு மணிக்கு எழுதியதற்கும் நடுவில்தான் நகர்ந்திருக்கிறது, தினமும் இரண்டு மூன்று பாகம். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை ஒரு பாகம்கூட நகரவில்லை, உன் அறைத்தோழன் வீட்டில் இருக்கிற நாள் அவை இரண்டும்தான். ஆறு வாரம். ஆறு வாரமாக நீ வேலைக்குப் போகவில்லை. அவன் காலையில் கிளம்பிப் போனதும் அறையில் தனியாக உட்கார்ந்து, எட்டு வயதுப் பிள்ளை பார்க்கிற கரடியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். எல்லாம் என் கையெழுத்தில் என் நோட்டிலேயே இருந்தது, படிக்கத் தெரியாமல் மாடி ஏறி இன்னொரு வீட்டுப் பெண்ணைத் திருடி என்றேன். என்னை நானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது, அவருக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனால், அவர் சத்தத்தை எல்லாம் குறைத்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், திரையில் புதுப் பாஸ்வேர்ட் கேட்டபடி நிற்கிறது. என் முகத்தைப் பார்த்ததும் அவரே, பையன் கேட்டானா என்றார். உங்களுக்குத் தெரியுமா என்றேன். முத நாளே தெரியும் என்றார். வாலு, உனக்கு எட்டு வயதில் சைக்கிளோடு கால்வாயில் இறங்கி வலது காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தாயே, அப்போது என் ஸ்டோரில் வருஷாந்திரச் சரக்குச் சரிபார்ப்பு, எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை, அப்பாதான் ஷிப்டை மாற்றிக்கொண்டு பகலெல்லாம் உன்னோடு இருந்தார். அப்போது டிவியில் தினமும் வந்ததாம் இந்தக் கரடி, கட்டுப் போட்ட காலை அவர் மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பாயாம், கரடி குடையை விரித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கை தட்டுவீர்களாம். நான் அதில் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை, அதனால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, வரட்டும், துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் செய்ததைக் கேள். முதல் நாள் அந்த வரிசையில் கரடியைப் பார்த்ததுமே நீதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் உடனே போன் பண்ணிக் கேட்கவில்லை என்று நான் கத்தினேன். கேட்டா மறைப்பான், மறைச்சா அதையும் பார்க்கறத நிறுத்திடுவான், பார்க்கற வரைக்கும் எழுந்து உட்கார்ந்திருக்கான்னு தெரியுது இல்ல என்றார். நான் டியூட்டிக்குப் போனதும், அத்தை பின்னறையில் மெஷினில் உட்கார்ந்ததும், முந்தின நாள் நீ பார்த்து முடித்த பாகங்களை எல்லாம் அவர் போனில் போட்டு, உனக்குப் பின்னாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். உன்னை முந்திப் போகமாட்டாராம். அந்தப் பெண்ணின் மேல் பழி விழக்கூடாது, உன்னையும் காட்டிக் கொடுக்கக்கூடாது என்றுதான் அந்த முழங்காலோடு மாடி ஏறி வந்து, நான்தான் கரடி பார்க்கிறேன் என்றார். நாங்கள் ஒரு வாரம் அவரைக் கரடி கரடி என்று கூப்பிட்டதை எல்லாம் உனக்காக வாங்கிக்கொண்டார்.

சரி, இப்போது கேட்கிறேன். நலமா? வேலை போய்விட்டதா, இல்லை உடம்புக்கு ஏதாவதா, இல்லை போகவே மனசில்லையா? இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் எனக்குத் தலை சுற்றாது, எதுவாக இருந்தாலும் நாளைக்குக் காலையில் நான் எழுந்து டியூட்டிக்குப் போவேன், உன் அப்பா டேய் டேய் என்று கிரேனைத் திட்டுவார், அத்தை ஆறு மணிக்கு ரிமோட்டைப் பிடித்துக்கொள்வாள், இந்த வீடு அப்படியே நிற்கும். நீ பிரமோஷன் வாங்கினாலும் எங்கள் பிள்ளை, கட்டிலில் படுத்துக்கொண்டு கரடி பார்த்தாலும் எங்கள் பிள்ளை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. இங்கே வந்து ஆறு மாசம் சும்மா இருக்க வேண்டும் என்றால் வா, உன் அறையில் அத்தை துணி மூட்டையைத்தான் வைத்திருக்கிறாள், ஒரு மணி நேரத்தில் காலி பண்ணிவிடுவேன். அங்கேயே இருந்து வேறு வேலை பார்க்கிறேன் என்றால் அதுவும் சரி, உன்னால் முடியும், எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று உனக்கே தோன்றினால் தள்ளிப் போடாதே, மனசுக்குப் பார்க்கிற டாக்டரும் டாக்டர்தான், என் ஸ்டோரிலிருந்து தினமும் அந்த வார்டுக்கும் மருந்து போகிறது, வாங்குகிறவர்கள் எல்லாம் உன்னை மாதிரி என்னை மாதிரி ஆட்கள்தான். ஆனால் எங்களிடம் பொய் மட்டும் சொல்லாதே. மூச்சு விட நேரமில்லை என்று நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, நீ பக்கத்தில் இருந்தால் முதுகில் இரண்டு வைத்துவிட்டுத்தான் கட்டிப்பிடிப்பேன்.

புதுப் பாஸ்வேர்டை அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உனக்கு மெசேஜில் அனுப்பினேன், நீ பார்த்தாய் என்று இரண்டு நீல டிக்கும் வந்தது. ஆனால் ஐந்து நாளாகச் சிவப்புக் கோடு அதே இடத்தில் நிற்கிறது, நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று உனக்கு வெட்கம். என்ன வெட்கம், உன் அப்பா அறுபத்தேழு வயதில் வெட்கப்படவில்லை. நீலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இடம் வைத்துக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன் தம்பி சொல்லிக் கொடுத்தார், ஆமாம், அவரிடமும் அவர் மனைவியிடமும் நான் முறையாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே, விடுங்கக்கா, திருட்டுப் பட்டம் கொடுத்ததுக்கு இன்னொரு டீ போடுங்க என்றார், இரண்டு டீ போட்டுக் கொடுத்தேன், அந்தப் பெண்ணும் வந்து குடித்தாள். அந்தத் தம்பி சொன்னபடி வாலு என்று உன் பெயரில் ஓர் இடம் திறந்து கரடியின் படத்தை ஒட்டியிருக்கிறேன். ஒரே சமயத்தில் இரண்டு திரையில் ஓடுகிற மாதிரி திட்டத்தையும் மாற்றிவிட்டேன், அதனால் இனி அத்தையின் கதாநாயகி தன் பாட்டுக்குக் கதவைத் திறந்துகொள்வாள், நீ உன் சாப்பாட்டு நேரத்தில் தாராளமாகப் பார். நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன், இனிமேல் நீ எப்போது பார்க்கிறாய் என்று எழுத மாட்டேன்.

நிறைய எழுதிவிட்டேன், விரல் வலிக்கிறது. கிடைத்ததைச் சாப்பிடாமல் நல்லதாகப் பார்த்துச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வை, நாளைக்கு ஒரு தடவையாவது அந்தத் தெருமுனை வரை நடந்து போய்விட்டு வா. உன் அறைத்தோழனிடம் உண்மையைச் சொல், நல்ல பையன் மாதிரிதான் போட்டோவில் தெரிகிறான். நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் நிறைந்த வயிறுமாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், இருப்பாய், நான் சொன்னால் நடக்கும். மறக்காமல் போனை எடு, அத்தை ஸ்பீக்கரில் போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே அப்பாவும் ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார், நூலை அறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டவும் உன்னை நம்பவும் முழு உரிமை உள்ள
அம்மா

டேய் வாலு, அப்பா எழுதறேன். எழுபத்தி நாலாம் பாகத்துல, வாத்து குடைய ஆத்துல விட்ட இடத்துல நீ நிறுத்தியிருக்க. உனக்கு முன்னாடி நான் போறதில்ல, அதனால நானும் அங்கயேதான் நிக்கறேன். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாகணும். சீக்கிரம் வா, சேர்ந்து பார்ப்போம்.